தீம் பார்க்குக்குப் பெரிய குடும்பத்தோடு: எங்கே தங்குவது?

ஜலகண்டாபுரத்தில் ஒரு வீடு சுற்றுலா கிளம்புகிறது என்றால் நாலு பேரோடு நிற்பதில்லை. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, தாரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த அக்கா, எடப்பாடி மாமா என்று சேர்ந்து வேன் நிறைந்துவிடும். தறியை நிறுத்தும் நாளைப் பார்த்துத் தேதி குறிப்பார்கள், வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள், பார்க் டிக்கெட்டும் எடுத்துவிடுவார்கள். ராத்திரி எங்கே படுப்பது என்பதை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு பேருக்கு அது ஓடும். இருபது பேருக்கு ஓடாது.

அறை தேடும்போது மனத்தில் வைக்க வேண்டியவர்கள் ரைடில் ஏறாதவர்கள். கல்லூரிப் பையன் பகலெல்லாம் சறுக்கி விளையாடிவிட்டு எங்கே சாய்ந்தாலும் தூங்குவான். மூட்டுவலி உள்ள அம்மாயி, பால்குடிக் குழந்தைக்காரி, சர்க்கரை மாத்திரை போடும் பெரியப்பா, இவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் படுக்க ஒரு இடம் இருந்தால் மொத்தக் குடும்பமும் சாயங்காலம் வரை நிம்மதியாக விளையாடும். இல்லாவிட்டால் மூன்று மணிக்கே "போலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

இந்த அத்தியாயம் முழுக்க 22 பேர் என்று வைத்துக்கொள்வோம்: பெரியவர்கள் 4, நடுவயதுக்காரர்கள் 10, கல்லூரிப் பிள்ளைகள் 3, பள்ளிப் பிள்ளைகள் 4, கைக்குழந்தை 1.

படி 1: ஆள் கணக்கல்ல, படுக்கைக் கணக்கு

ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, யார் யாரோடு படுப்பார்கள் என்று பிரியுங்கள். லாட்ஜ்களில் சாதாரணமாக ஒரு அறைக்கு இரண்டு பேர், கூடுதலாக ஒரு மெத்தை. அதற்கு மேல் திணித்தால் வரவேற்பில் தகராறு வரும். நம் 22 பேரை இப்படிப் பிரிக்கலாம்:

1. பெரியவர்கள் இரண்டு ஜோடி: தரைத்தளத்தில் இரண்டு அறை. அறைக்கொரு பேரப்பிள்ளை பக்கத்தில் கூடுதல் மெத்தையில்.
2. கைக்குழந்தை உள்ள ஜோடி: தனி அறை. ராத்திரி குழந்தை அழுதால் மற்றவர் தூக்கம் கெடக்கூடாது. மற்றவர் சத்தத்தில் குழந்தையும் எழக்கூடாது.
3. மீதி நான்கு ஜோடி, கல்லூரிப் பிள்ளைகள் மூவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர்: ஆண்களுக்கு இரண்டு அறை, பெண்களுக்கு இரண்டு அறை. ஒரு பள்ளிப் பிள்ளை மட்டும் பெற்றவரோடு கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும். கல்யாண வீட்டில் படுப்பதுபோலத்தான், யாருக்கும் புதிதல்ல. புதிதாகக் கல்யாணமான ஜோடி இருந்தால் மட்டும் அவர்களைக் கேட்காமலேயே தனி அறை போட்டுவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

ஆக ஏழு அறை. அதற்கு மேல் ஒரு படுக்கையைப் பெரும்பாலும் எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்: டிரைவருடையது. அவர் வேனுக்குள் கொசுக்கடியில் புரண்டுவிட்டு மறுநாள் உங்கள் 22 பேரையும் வைத்து ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அறை பதிவு செய்யும்போதே டிரைவருக்கு மின்விசிறியோடு ஒரு படுக்கை கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

அடுத்து பாத்ரூம் கணக்கு. மூன்று நான்கு பேருக்கு ஒன்று என்பது நல்ல அளவு. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், ஏழு பாத்ரூம் இருக்கும் இடத்தில் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் குளித்துக் கிளம்பிவிடலாம். மூன்றே பாத்ரூம் உள்ள பங்களாவில் அதே 22 பேருக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். பெரியவர்கள் அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். "எல்லாம் இருக்குங்க" என்ற பதிலை நம்பாமல், அந்த அறையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: தூரத்தை வைத்து எந்த ராத்திரி என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரிலிருந்து குடும்பங்கள் அதிகம் போவது இரண்டு திசையில்.

*மேட்டுப்பாளையம், பிளாக் தண்டர்.* எடப்பாடி, சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி, அன்னூர் வழி. வேனில் மூன்றரை, நான்கு மணி நேரம். இதற்கு முதல் நாள் ராத்திரியே போய்த் தங்குவது வீண் செலவு. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பார்க் திறக்கும் வேளைக்குப் போய்விடலாம். விளையாடி முடித்த ராத்திரிக்கு அறை போடுங்கள். தண்ணீரில் ஊறிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு நள்ளிரவில் திரும்புவதைவிட, தூங்கி எழுந்து காலையில் டிபன் சாப்பிட்டுக் கிளம்புவது மேல்.

*பெங்களூரு பக்கம், பிடதி வொண்டர்லா.* 2005-இல் திறந்தது. மேச்சேரி, தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய், நகருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டில் திரும்பி மைசூரு ரோட்டைப் பிடிக்க வேண்டும். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஆறு மணி நேரம் பிடிக்கும். இங்கே முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்வதுதான் சரி. விளையாடிய ராத்திரியும் தங்கிவிட்டு மறுநாள் பகலில் திரும்புங்கள். செலவை மிச்சம் பிடிக்க ஒரு ராத்திரியைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் திரும்பும் ராத்திரியைத்தான் வெட்டுகிறார்கள், அது தப்பு. தர்மபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்து என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். களைத்த டிரைவரை அந்த இறக்கத்தில் நள்ளிரவில் விடாதீர்கள்.

சென்னை மூன்றாவது திசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம்., வி.ஜி.பி. இரண்டும் பழைய பெயர்கள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. 22 பேரோடு அவ்வளவு தூரம் என்றால் இரண்டு ராத்திரிக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம்.

குறிப்பு: ஆடிப் பதினெட்டு அன்று கிளம்பாதீர்கள். மேட்டூரும் பவானிக் கூடுதுறையும் ஜனக்கடல். மேட்டுப்பாளையம் போனாலும் பிடதி போனாலும் இரண்டில் ஒன்று குறுக்கே வரும்.

படி 3: நான்கு வகை இடங்கள்

பார்க்கை ஒட்டிய ரிசார்ட். பிடதி வொண்டர்லாவை ஒட்டி 2012-இல் திறந்த ரிசார்ட்டில் 84 அறைகள். பிளாக் தண்டரிலும் வளாகத்துக்குள்ளேயே தங்கலாம். வாடகை கூடுதல்தான். ஆனால் நடந்தே அறைக்கு வந்துவிடலாம், வேன் தேவையில்லை. குடும்பத்தில் எழுபது தாண்டியவரோ கைக்குழந்தையோ இருந்தால் நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். எல்லோருக்கும் இங்கேயே போடக் கட்டுப்படியாகாவிட்டால் ஒரு வழி இருக்கிறது: மூன்று அறையை மட்டும் இங்கே எடுத்துப் பெரியவர்களையும் குழந்தைக்காரியையும் வைத்துவிட்டு, மற்றவர்கள் ஊருக்குள் மலிவான லாட்ஜில் தங்கலாம். "நம்மள ஒதுக்கிட்டாங்க" என்று பெரியவர்களுக்குத் தோன்றாதபடி முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட ஒரு நடுவயது ஜோடியும் இருக்கட்டும்.

ஊருக்குள் லாட்ஜ். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டு, ஊட்டி ரோடு பக்கம் நிறைய உண்டு. ஏழு அறை ஒரே மாடியில் கிடைப்பதுதான் சிரமம். மூன்று மாடியில் சிதறினால் ராத்திரி முழுக்க படிக்கட்டில்தான் குடும்பம் நடக்கும். பெங்களூரு என்றால் மெஜஸ்டிக் பக்கம் மலிவு என்று போடாதீர்கள். வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர்தானே என்று தெரியும். காலை நெரிசலில் அதுவே ஒன்றரை மணி நேரமாகிவிடும். கெங்கேரிக்கு மேற்கே, பிடதிக்குள் தேடுங்கள்.

முழு வீடு அல்லது ஹோம்ஸ்டே. ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம், சமையலறை இருக்கும். படத்தில் அழகாக இருக்கும் வீடுகளில் பாத்ரூம் குறைவு என்பதை மறக்க வேண்டாம். "20 பேர் தங்கலாம்" என்று போட்டிருந்தால், எத்தனை பேருக்குக் கட்டில், எத்தனை பேருக்குத் தரை என்று பிரித்துக் கேளுங்கள்.

கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் வாடகை குறைவாகப் பேசலாம். வீட்டிலிருந்து துப்பட்டி, தலையணை கொண்டுபோய், பவானி ஜமக்காளத்தை விரித்தால் நாற்பது பேர்கூடப் படுக்கலாம். முப்பது பேருக்கு மேல் போகும்போது இது நல்ல யோசனை. 22 பேருக்கு, பெரியவர்களும் இருக்கும்போது, வேண்டாம் என்பேன். மண்டபத்துச் சமையலை நம்பி வேனில் கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

படி 4: போன் பண்ணிக் கேட்க வேண்டியவை

ஒருவர் மட்டும் பேசுங்கள். மூன்று மச்சான்மார் மூன்று விலை பேசினால் மேனேஜர் எதற்கும் பிடிகொடுக்க மாட்டார். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, சேலம் ஜலகண்டாபுரத்துலருந்து பேசறேங்க. மொத்தம் 22 பேருங்க. ஏழு ரூமு, அதுல ரெண்டு தரைத்தளத்துல வேணுங்க."

"ஏழும் இருக்குங்க. கீழ ஒண்ணுதான் கிடைக்கும்."

"லிஃப்ட் இருக்குங்களா? கரண்ட் போனா ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடுமா, லைட்டு மட்டுமா?"

"லைட்டு, ஃபேன் மட்டுந்தாங்க."

"அப்போ ரெண்டாவது ரூமு முதல் மாடியில படிக்கட்டுப் பக்கத்துல குடுத்துருங்க."

இப்படி ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த கேள்வி போட வேண்டும். விடக்கூடாத கேள்விகள்:

1. அறைக் கணக்கு 24 மணி நேரமா, மத்தியானம் 12-க்கு 12-ஆ? இது சின்ன விஷயமல்ல. வேனுக்குப் பதில் ரயில் என்று சேலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை ஆறு மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் இறங்குவீர்கள். 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜில் உடனே அறைக்குள் போகலாம். 12 மணிக் கணக்கு என்றால் மூட்டையோடு ஆறு மணி நேரம் வராந்தாவில். அப்படிப்பட்ட இடத்தில் பெரியவர்களுக்கு மட்டும் இரண்டு அறையை முன்னதாகத் தருவார்களா என்று கேளுங்கள்.
2. எத்தனை வயதுப் பிள்ளை வரை காசில்லை? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? அதில் காலை டிபன் சேர்த்தியா?
3. சுடுதண்ணீர் நாள் முழுக்கவா, காலை மட்டுமா?
4. வேன் உள்ளே நிற்குமா? மினி பஸ் திரும்ப இடம் உண்டா?
5. ஈரத்துணி காயப்போட மாடியோ கொடியோ உண்டா? 22 பேரின் ஈரத்துணி பாத்ரூமில் அடங்காது. நூல் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: தண்ணீர் ரைடுகளில் பருத்தித் துணிக்கும் சேலைக்கும் அனுமதி இல்லை, நைலான் மாதிரித் துணிதான் வேண்டும். பார்க் வாசலில் வாங்காமல் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள்.
6. பார்க்கைக் கேட்க வேண்டியது: வெளியே வந்தவர் அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே போகலாமா? அறை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், மறுபடி விடமாட்டார்கள் என்றால் பெரியவர்களின் மத்தியானத் தூக்கத் திட்டத்தை மாற்ற வேண்டும். அவர்களைக் காலையில் அறையிலேயே விட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வரச்சொல்லலாம்.

படி 5: வாடகை, வரி, அட்வான்ஸ்

ஒரு அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். பெரிய குடும்பத்துக்கு இது கவனிக்க வேண்டிய கணக்கு. 8,000 ரூபாய்க்கு ஒரு 'ஃபேமிலி சூட்' எடுத்தால் வரி 1,440 ரூபாய். அதே பணத்துக்கு 4,000 ரூபாயில் இரண்டு அறை எடுத்தால் மொத்த வரி 400 ரூபாய்தான், இரண்டு பாத்ரூமும் கிடைக்கும். பெயரில் மயங்க வேண்டாம்.

அட்வான்ஸ் அனுப்பும் வரிசை:

1. லாட்ஜின் போன் நம்பரை ஒரே இடத்தில் பார்த்து நம்பாதீர்கள். இணைய வரைபடங்களில் ஹோட்டலின் நம்பரை மாற்றிப் போட்டுப் பணம் பறிப்பவர்கள் உண்டு. அங்கே போய்வந்த யாரிடமாவது விசாரித்து ஒப்பிடுங்கள்.
2. பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள்: தேதி, நேரம், ஏழு அறை, எந்த மாடி, மொத்தத் தொகை, வரி சேர்த்தா சேர்க்காமலா, கூடுதல் மெத்தை எத்தனை, டிரைவர் படுக்கை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்.
3. யு.பி.ஐ.யில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். லாட்ஜுக்குச் சம்பந்தமில்லாத பெயர் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.
4. முழுத் தொகையையும் முன்பே கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

வேன்காரரிடமும் ஒரு கேள்வி: கர்நாடகாவுக்குள் போக பர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவு வாடகையில் சேர்ந்ததா? எல்லையில் அத்திப்பள்ளிப் பக்கம் போய் நின்ற பிறகு பேசும் விஷயமல்ல.

படி 6: போய் இறங்கியதும்

மூட்டையை இறக்குவதற்கு முன் இரண்டு பேர் மட்டும் போய் ஏழு அறையையும் பார்த்து வாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், ஃபிளஷ் ஓடுகிறதா என்று அழுத்துங்கள். பழுது இருந்தால் அப்போதே அறை மாற்றித் தருவார்கள். பெட்டி பிரித்த பிறகு "காலையில பார்க்கலாங்க" என்பார்கள். வயது வந்தோர் எல்லோருடைய ஆதார் நகலையும் ஒரே உறையில் போட்டு ஒருவர் கையில் வையுங்கள். வரவேற்பில் நிற்கும் நேரம் பாதியாகும்.

லாட்ஜ் பெயரையும் அறை நம்பர்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளைகள் பையிலும் பெரியவர்கள் கையிலும் கொடுங்கள். அம்மாயிக்கு லாட்ஜ் பெயர் நினைவிருக்காது. சீட்டைக் காட்டினால் யாராவது வழி சொல்வார்கள்.

பாதுகாப்பு: இதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்

*கேஸ் கீசர்.* பெங்களூரு பக்கத்து வாடகை வீடுகளில் இது சகஜம். கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்து, ஜன்னலும் மூடியிருந்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து குளிப்பவர் மயங்கி உயிரே போகலாம். கீசர் வெளியே இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியில்லை என்றால் வாளியில் தண்ணீர் பிடித்துக் கீசரை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே குளிக்கப் போகச் சொல்லுங்கள்.

*ரிசார்ட் நீச்சல்குளம்.* பார்க்கில் காவலுக்கு ஆள் நிற்பார். ரிசார்ட் குளத்தில் ராத்திரி யாரும் நிற்க மாட்டார்கள். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிக் காவல் போடுங்கள். அவர் கையில் போன் இருக்கக்கூடாது.

*பவானி ஆறு.* மேட்டுப்பாளையத்தில் ஆறு அமைதியாகத்தான் தெரியும். மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் மட்டம் ஏறிவிடும். இப்படி வெளியூர்க்காரர்கள் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். காவிரியில் நீந்திப் பழகியவன் என்று யார் சொன்னாலும் இறங்க விடாதீர்கள்.

*யானை.* கல்லார், ஓடந்துறைப் பக்கம் பாக்குத் தோப்புகளுக்குள் அழகான தங்குமிடங்கள் உண்டு. அது யானை நடமாடும் அடிவாரம். இருட்டிய பிறகு தோப்புக்குள் நடை, செல்பி, வாழைப்பழத்தை வெளியே வைப்பது எதுவும் வேண்டாம். ராத்திரி காவலாளி இருக்கிறாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

*மாத்திரைப் பெட்டி.* பெரியவர்களின் மாத்திரை அவரவர் அறையில் இருக்கட்டும், வேனில் வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று வரவேற்பில் கேட்டு வையுங்கள். ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112, இரண்டும் கர்நாடகாவிலும் அதே எண்தான்.

"அப்படியே ஊட்டிக்கும் போய்ட்டு வந்துரலாம்"

பிளாக் தண்டரில் விளையாடிய ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து யாராவது இதைச் சொல்வார்கள். பார்க் அடிவாரத்தில் இருப்பதால் அதுவரை போக இ-பாஸ் தேவையில்லை. மலையேறத் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். வேன் நம்பரைக் கொடுத்து இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அறையிலேயே விட்டுவிடுங்கள், மலையில் தடை. என்னைக் கேட்டால், 22 பேரோடு பார்க்குக்கு மறுநாள் ஊட்டி வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஊட்டி எதுவும் நினைவில் நிற்காது. போயே தீர வேண்டும் என்றால் லாட்ஜைக் காலி செய்யாமல் இன்னொரு ராத்திரி நீட்டித்து, மூட்டையைக் கீழேயே வைத்துவிட்டுப் போய் வாருங்கள். அந்த இரண்டாவது ராத்திரிக்கு அறை காலியாக இருக்குமா என்பதை முதல் போனிலேயே கேட்டு வைத்தால்தான் இது நடக்கும்.

காலி செய்யும் காலை

பில்லை முதல் நாள் ராத்திரியே வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள். காலையில் 22 பேர் வாசலில் நிற்கும்போது கூடுதல் மெத்தைக் கணக்கைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அறைக்கு ஒரு ஆள் கடைசியாக நின்று கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் கொக்கியில், சார்ஜர் சொருகிய இடத்தில், மாடிக் கொடியில் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கட்டும். பிறகு வேனில் தலையை எண்ணுங்கள், டிரைவரையும் சேர்த்து 23.